காவிரி தெற்கே ஓடும் ஊர்

காவிரி எந்தத் திசையில் ஓடுகிறது என்று எந்த வகுப்பில் கேட்டாலும் "மேற்கிலிருந்து கிழக்கு" என்று ஒரே குரலில் பதில் வரும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. குடகில் பிறந்து வங்கக் கடலில் சேரும் ஆற்றுக்கு அது சரியான பதிலும்கூட. ஆனால் பள்ளிபாளையத்துப் பிள்ளைகள் தினமும் பார்க்கும் காவிரி கிழக்கே ஓடுவதில்லை. மேட்டூரை விட்டுக் கிளம்பியதும் பவானி, ஈரோடு வழியாகத் தெற்கு நோக்கியே வந்து, எங்கள் ஊரையும் தாண்டி, கொடுமுடிப் பக்கம் போன பிறகுதான் அது நன்றாகக் கிழக்கே திரும்புகிறது. ஈரோடு எங்களுக்கு மேற்கே. நடுவில் ஆறு. காலையில் பழைய பாலத்தில் நின்றால் பள்ளிபாளையத்துக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்பி ஈரோட்டுக் கட்டடங்கள்மேல் வெயில் விழுவதைப் பார்க்கலாம்.

ஆறாம் வகுப்புக்குத் திசைகள் பாடம் வந்தால் நான் கரும்பலகையில் கூட்டல் குறி போட்டு வ, தெ, கி, மே என்று எழுதியதில்லை. முதல் பிரிவேளையிலேயே பிள்ளைகளை வரிசையாக ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போய்விடுவேன். சூரியன் முதுகில் படுகிற மாதிரி நிற்கச் சொல்வேன். எதிரே தெரிவது ஈரோடு, மேற்கு. வலது கைப்பக்கம் வடக்கு, இடது கைப்பக்கம் தெற்கு. "தண்ணி எந்தக் கைப்பக்கமிருந்து எந்தக் கைப்பக்கம் போவுது, பாத்துச் சொல்லுங்க."

முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "தண்ணி நிக்குதுங்க டீச்சர்!"

அது உண்மை. கீழே ஓடப்பள்ளியில் கதவணை இருக்கிறது, மேலே சமயசங்கிலியில் இன்னொன்று. இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டியவை, ஒவ்வொன்றும் 30 மெகாவாட். கதவை அடைத்துத் தண்ணீரைத் தேக்கும்போது எங்கள் ஊர்க் காவிரி ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும், மேலே ஆகாயத்தாமரை பச்சையாக மூடியிருக்கும். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கச் சொல்வேன். ஒதுங்கிக் கிடக்கும் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று மெதுவாக, மிக மெதுவாக, இடது கைப்பக்கம் நகரும். யாராவது ஒரு பிள்ளை அதை முதலில் கண்டுபிடித்துக் கத்தும். அன்றைக்குத் தெற்கு என்ற திசை அந்த வகுப்புக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஓடுகிற ஆற்றை மனிதன் நிறுத்தி வைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். புவியியலில் பாதிக்குமேல் அந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1990களின் தொடக்கத்தில். அப்போது பள்ளிபாளையம் சேலம் மாவட்டம், அக்கரை பெரியார் மாவட்டம். நான் பணியாற்றிய பள்ளிகளில் சமூக அறிவியல் எடுத்தவர்கள் பெரும்பாலும் வரலாறு படித்து வந்தவர்கள். புவியியல் படித்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன். வரலாற்றையும் குடிமையியலையும் ஆர்வமாக நடத்திவிட்டு, புவியியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுவது எங்கும் நடந்தது. தள்ளியதை மீட்க ஒரே வழி மனப்பாடம். எந்த மாநிலத்தில் என்ன கனிமம், எந்த ஆற்றில் எந்த அணை, எந்த மண்ணில் என்ன பயிர். பத்தாம் வகுப்புக்கு மேப் கேள்வி. ஸ்டேஷனரிக் கடையில் அவுட்லைன் மேப் கட்டாக வாங்கி, ஆரவல்லிக்கு ஒரு கோடு, தார் பாலைவனத்துக்குப் புள்ளிகள் என்று கை பழகும்வரை போட்டுப் பார்ப்பார்கள். முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடம் "ஆரவல்லி இருந்தும் ராஜஸ்தானில் ஏன் மழை இல்லை?" என்று கேட்டால் பதில் இருக்காது. தென்மேற்குக் காற்று வீசும் திசைக்கு இணையாக அந்த மலை கிடக்கிறது, குறுக்கே நின்று தடுப்பதில்லை. தான் போட்ட கோட்டிலேயே அந்தப் பதில் இருக்கிறது என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பி.எட். படித்தபோது கல்லூரி நூலகத்தில் ஓர் அமெரிக்கக் கையேட்டைப் பற்றிப் படித்தேன். 1984இல் அங்கே புவியியல் ஆசிரியர்களின் தேசிய அமைப்பும் புவியியலாளர் சங்கமும் சேர்ந்து பள்ளிப் புவியியலுக்கு ஐந்து கருப்பொருள்களை வகுத்துக் கொடுத்தன: அமைவிடம், இடத்தின் தன்மை, மனிதனும் சூழலும் ஒன்றையொன்று மாற்றுவது, இடப்பெயர்வு, வட்டாரம். பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி நான் அதை ஐந்து கேள்விகளாக்கிக்கொண்டேன். இது எங்கே இருக்கு? எப்படி இருக்கு? மனுசன் இதை என்ன செஞ்சான், இது மனுசனை என்ன செஞ்சது? இங்கே என்ன வருது, என்ன போவுது? எது எதோட சேர்ந்தது? எந்தப் பாடமானாலும் இந்த ஐந்தையும் கேட்டாக வேண்டும் என்பது என் வகுப்பின் வழக்கம். அமெரிக்காவில் வகுத்தது என்பதால் இது நமக்கு அந்நியம் என்று நான் நினைத்ததில்லை. 1926இலேயே சென்னையில் மெட்ராஸ் ஜியாகிராபிகல் அசோசியேஷன் தொடங்கி (இன்று அது இந்தியன் ஜியாகிராபிகல் சொசைட்டி) பத்திரிகையும் நடத்திய நாடு இது.

முதல் கேள்விக்கு ஒரு குச்சி போதும். ஒரு மீட்டர் நீளம், நேரானது. மைதானத்தில் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். நிழல் குறுகிக்கொண்டே வரும். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது குறுகி முடிந்திருக்கும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். முடியாது. ஆண்டின் பெரும்பகுதி பன்னிரண்டே காலைத் தாண்டிய பிறகுதான் மிகக் குட்டையான நிழல் விழும். நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக் கோட்டுக்கு ஓடுகிறது. பள்ளிபாளையம் 77¾ டிகிரியை ஒட்டி இருக்கிறது. வித்தியாசம் 4¾ டிகிரி, டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் 19 நிமிடம். கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனால் அது வெறும் கணக்கு. மைதானத்தில் கல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து கணக்குப் போட்டால் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். வரிசை முக்கியம்.

செப்டம்பர் 23ஆம் தேதியை ஒட்டி அதே குச்சியை வைத்தால் நண்பகல் நிழல் சுமார் 20 சென்டிமீட்டர் இருக்கும். அதிலிருந்து நம் அட்சம் பதினொன்றே கால் டிகிரிக்குச் சற்று மேலே என்று கண்டுபிடிக்கலாம். அலெக்சாண்ட்ரியாவில் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதும் நிழலை வைத்துத்தான். ஏப்ரல் 20ஐ ஒட்டி ஒருநாள், ஆகஸ்ட் 23ஐ ஒட்டி ஒருநாள், எங்கள் ஊரில் குச்சிக்கு நண்பகலில் நிழலே இருக்காது. ஏப்ரலில் பரீட்சை, விடுமுறை என்று ஓடிவிடும். ஆகஸ்டு நாள் நமக்கென்றே வாய்த்தது. நிழலில்லா அந்தச் சில நிமிடங்களில் ஒரு மாணவி குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடியது இன்றும் கண்ணில் நிற்கிறது. "எங்கீங்க டீச்சர் போச்சு?" என்று அவள் கேட்டாள். மகர ரேகை, கடக ரேகை இரண்டையும் அன்றைக்கு ஒரு கால் மணி நேரத்தில் நடத்தி முடித்தேன்.

வரைபடம் நடத்துவதற்கு முன்பு வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாகப் போட்டு வரச் சொல்வேன். அளவுகோல் கூடாது, நினைவிலிருந்து மட்டும். அந்தத் தாள்களைப் புரட்டினால் ஊரே தெரியும். டீக்கடை, முனியப்பன் கோயில், தண்ணீர்த் தொட்டி, நாய் துரத்தும் சந்து, எல்லாம் இருக்கும். ஒரு மாணவி தன் அம்மா வேலை செய்யும் தறிக்குடோனைப் பள்ளிக்கூடத்தைப் போல நான்கு மடங்கு பெரிதாகப் போட்டிருந்தாள். பள்ளி விட்டதும் அங்கேதான் போய் அம்மாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். அவளுக்கு அது பெரிய இடம். அதைத் தப்பென்று நான் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலகத்தில் வாங்கிய புல வரைபடத்தை வைத்தேன். நிலம் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் எஃப்.எம்.பி. என்றால் தெரியும். வரப்புத் தகராறு வந்தால் முதலில் தேடுவது அதைத்தான். அதில் சர்வே எண் இருக்கும், கல் இருக்கும், சங்கிலி அளவு இருக்கும். "இது மண்ணை அளந்து போட்ட படம். உன்னோடது மனசை அளந்து போட்ட படம். ரெண்டும் வேணும். ஆனா வரப்பு எங்கேன்னு சண்டை வந்தா எது வேணும்?" என்று கேட்டேன். அளவை என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு நம் இலக்கணமே கைகொடுத்தது. தமிழாசிரியர் திணைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாரம், கருப்பொருள் அட்டவணையை வாங்கி வந்து "பள்ளிபாளையத்துக்குக் கருப்பொருள் எழுதுங்க" என்றேன். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில். தெய்வத்துக்கு மாரியம்மனும் முனியப்பனும் வந்தார்கள். உணவுக்கு ஒருவர் விடாமல் பள்ளிபாளையம் சிக்கன்: சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு, மசாலாப் பொடி சேர்க்காமல் எண்ணெயில் வதக்குவது. மரத்துக்கு வேம்பு, தென்னை, சீமைக்கருவேலம். பறவைக்குக் கொக்கும் நீர்க்காகமும். பறை என்ற இடத்தில் பையன் ஒருவன் "தறிச் சத்தம்" என்று எழுதியிருந்தான். ஒரு நிலத்தின் இயல்பைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான விடையை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இரவும் பகலும் ஷிப்டு போட்டு ஓடும் விசைத்தறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கி எழும் ஊர் இது. மின்சாரம் நின்றால்தான் பிள்ளைகள் திடுக்கிட்டு விழிப்பார்கள்.

தறி ஏன் இங்கே வந்தது என்பது பாடத்தில் இல்லை. நாங்களே தேடினோம். நெசவு தெரிந்த குடும்பங்கள் முன்பே இருந்தன. நூலுக்குச் சாயம் போட ஆற்றுத் தண்ணீர் இருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரமும் மேட்டூர் மின்சாரமும் வந்தன. கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலைகள். பாலத்தைத் தாண்டினால் ஈரோட்டு ஜவுளிச் சந்தை, ரயில் சந்திப்பு. ஒவ்வொரு காரணத்தையும் ஒரு பிள்ளை தன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தது. தாத்தாக்கள் சொன்னது புத்தகத்தில் "தொழிலக அமைவிடக் காரணிகள்" என்ற தலைப்பில் ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டியபோது, புத்தகத்தின்மேலேயே அவர்களுக்கு ஒரு மரியாதை வந்தது.

மூன்றாவது கேள்வியில்தான் நான் அதிக நாள் செலவிட்டேன். எங்கள் ஊர் அதற்கென்றே அமைந்த ஊர். ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலை இருக்கிறது, பக்கத்திலேயே சேஷசாயி காகித ஆலை. காவிரித் தண்ணீரில் கரும்பு விளைகிறது. கரும்பைப் பிழிந்தால் சர்க்கரை. மிஞ்சிய சக்கை காகித ஆலைக்கு. அங்கே அது கூழாகிக் காகிதமாகிறது. ஒரு மாணவனை எழுப்பி அவன் கையிலிருந்த நோட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "இதுல ஆறு இருக்குதா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருக்குதுங்க டீச்சர், கரும்பும் இருக்குது, எங்க அப்பாவும் இருக்கறாரு" என்றான். அவன் அப்பா கரும்பு வெட்டுகிறவர்.

சாயத்தைப் பற்றிப் பேசுவது அப்படி எளிதாக இல்லை. ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகும் நாட்களில் சில இடங்களில் ஓடையிலிருந்து கருநீலமாக, சிவப்பாகத் தண்ணீர் வந்து கலப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். முன்பே பார்த்திருப்பார்கள், நான் கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, "எங்கப்பா சாயப்பட்டறையிலதான் வேலை செய்யறாருங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தன் வீட்டுச் சோறு எங்கிருந்து வருகிறதோ அதைக் குற்றமாகச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது, வரச் சொல்வதும் கொடுமை. அதனால் யார் செய்தது என்ற பேச்சை விட்டுவிட்டு, தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். கீழே கொடுமுடி, கரூர், திருச்சி, தஞ்சாவூர். அத்தனை ஊரும் இதைத்தான் குடிக்கிறது, பாய்ச்சுகிறது. பிறகு நொய்யல் கதையைச் சொன்னேன். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி உழவர்களுக்கே ஆகாமல் போனது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. பிறகு, கழிவை வெளியே விடாமல் முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஆலைகள் மாற வேண்டியிருந்தது. மூடிக் கிடந்த மாதங்களில் வேலை இழந்த தொழிலாளிகள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே யோசிக்கச் சொன்னேன். "அப்பாவுக்கு வேலையும் வேணும், தண்ணியும் நல்லா இருக்கணும்னா என்ன செய்யலாம்?" அன்று எழுதிய விடைத்தாள்களைப் போல அக்கறையான விடைகளை எந்தப் பரீட்சையிலும் நான் திருத்தியதில்லை. குனிந்த அந்தப் பெண்தான் முதலில் எழுதி முடித்தாள். பட்டறைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும், செலவில் அரசு பங்கு தர வேண்டும் என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு புரிகிறது.

ஆடி மாதம் வந்தால் வேறொரு கேள்வி தானாகவே வந்து நிற்கும். எங்களுக்கு ஆடி என்றால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சுழன்றடிக்கும். மழை என்று பெரிதாக இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று தன் தண்ணீரை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வறண்டு வருகிறது. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் இந்தச் சமவெளியில் 700 மில்லிமீட்டர் அளவுதான் பெய்யும், அதிலும் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆனால் ஆடிப்பெருக்குக்கு ஆறு பெருகி ஓடும். "ஏனுங்க டீச்சர், மழையே பேயல, ஆத்துல மட்டும் எப்படீங்க தண்ணி வருது?" ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை நான் அந்தப் பாடத்தை எடுக்க மாட்டேன்.

2018 ஆகஸ்டில் அந்தக் கேள்வி வீட்டு வாசலுக்கே வந்தது. கேரளத்தையும் குடகையும் புரட்டிய மழை அது. வயநாட்டில் பெய்தது கபினியில் இறங்கி, குடகில் பெய்தது கிருஷ்ணராஜசாகரில் நிரம்பி, இரண்டும் மேட்டூருக்கு வந்தன. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணை 120 அடியைத் தொட்டு நிற்க, வந்த தண்ணீரை அப்படியே திறந்துவிட வேண்டியதாயிற்று. உச்சத்தில் வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கன அடி. ஆற்றோரத் தெருக்களில் வீடு இருந்த என் மாணவர்கள் பாயும் பாத்திரமுமாகக் கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

பள்ளி திறந்ததும் நான் கன அடிக் கணக்கைத்தான் எடுத்தேன். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேலே. இரண்டு லட்சம் கன அடி என்றால் 56 லட்சம் லிட்டர். ஊரில் இருக்கும் ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒரு வினாடிக்கு 56 நிரம்பும். பிள்ளைகள் "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் 56 தொட்டிகள். வகுப்பு நிசப்தமாகிவிட்டது. பிறகு சுவரில் மாட்டியிருந்த தென்னிந்திய வரைபடத்தில் ஒரு பையனை வயநாட்டிலிருந்து விரல் வைத்து வரச் சொன்னேன். கபினி, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலப்பு, மேகதாது, ஒகேனக்கல், மேட்டூர், பவானி கூடுதுறை. பள்ளிபாளையம் வந்ததும் விரல் தானாக நின்றது. வெள்ளத்தில் அவன் வீடும் போயிருந்தது. மலையாளத்தில் பெய்த மழை தன் வீட்டுச் சுவரை எப்படி நனைத்தது என்பதை அவன் விரலே அவனுக்குக் காட்டியது. 2022 ஆகஸ்டில் மறுபடி வெள்ளம் வந்தபோது, மேட்டூர் நீர்வரத்துச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து, பெரியவர்கள் கிளம்புவதற்கு முன்பே சாமான்களைக் கட்டச் சொன்ன பிள்ளைகள் எங்கள் தெருக்களில் இருந்தார்கள். பள்ளிப் புவியியலுக்கு இதைவிட வேறு என்ன பயன் வேண்டும்?

வருவதும் போவதும் எங்கள் ஊரில் கண்முன்னே நடக்கிறது. கோன் நூல் வருகிறது, லுங்கியும் துண்டும் போகிறது. பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வடநாட்டுக்கும் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. அதன் காரணம் காலுக்கடியில் இருக்கிறது. இது கடும்பாறை நிலம். பாறை வெடிப்பில்தான் தண்ணீர். ஆயிரம் அடி தோண்டிப் பழகிய ஊருக்கு அந்தத் தொழில் கைவந்ததில் வியப்பில்லை.

மனிதர்களும் வருகிறார்கள். கடைசி சில ஆண்டுகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தறிக்கும் மில்லுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் சேர்ந்தார்கள். சம்பல்பூர்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் முதல் மாதம் முழுக்க வாயே திறக்கவில்லை. ஒருநாள் மதியம் தன்பாத்–ஆலப்புழா ரயில் பாதையை இந்திய வரைபடத்தில் பென்சிலால் வரைந்து காட்டினேன். அந்த ரயில் காவேரி ஸ்டேஷனைக் கடந்து எங்கள் ஊர் ரயில் பாலத்தில்தான் போகிறது. அவன் எழுந்து வந்து பென்சிலை வாங்கி, சம்பல்பூரில் ஒரு வட்டம் போட்டு, அதன் பக்கத்தில் ஓர் ஆற்றையும் வரைந்தான். மகாநதி. அதில் ஹிராகுட் அணையையும் குறுக்குக் கோடாகப் போட்டான். மற்ற பிள்ளைகளுக்கு அந்த அணை புத்தகத்தில் ஒரு வரி. அவனுக்கு ஊர். அன்றிலிருந்து மேப் பயிற்சியில் வட இந்தியாவுக்கு அவன்தான் ஆசிரியர். தமிழ் எழுத்து கைவராத நிலையிலும் வரைபடத்தில் அவன் எல்லோருக்கும் முன்னால் நின்றான்.

வட்டாரம் என்ற கருத்தைப் புரிய வைப்பது மற்ற நான்கைவிடக் கடினம் என்று பயிற்சிகளில் சக ஆசிரியர்கள் சொல்வார்கள். பள்ளிபாளையத்தில் அது மிக எளிது. 1997 ஜனவரி 1ஆம் தேதி நாமக்கல் மாவட்டம் பிறந்தபோது நாங்கள் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு மாறினோம். கலெக்டர் ஆபீஸ் ஐம்பது கிலோமீட்டர் அளவு தள்ளி. ஆனால் துணி எடுக்க, ஆஸ்பத்திரி போக, சினிமா பார்க்க, ரயில் ஏற எல்லாம் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. சட்டமன்றத் தொகுதி குமாரபாளையம். நாடாளுமன்றத் தொகுதி ஈரோடு. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொங்கு. நாங்கள் எல்லோரும் சேர்ந்து காவிரி வடிநிலம். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி நான்கும் பங்கு கேட்கும் 81,000 சதுர கிலோமீட்டர் நிலம் அது. "அப்போ நாம எந்த ஊருங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். எல்லைக் கோட்டை எதற்காகப் போடுகிறோமோ அதற்கேற்ற ஊர் என்றேன். ரேஷன் கார்டுக்கு நாமக்கல், வியாபாரத்துக்கு ஈரோடு, தண்ணீருக்குக் குடகு முதல் பூம்புகார் வரை. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, கர்நாடகம் தர வேண்டிய 177.25 டி.எம்.சி. எந்த இடத்தில் அளக்கப்படும் என்று பிள்ளைகளே வரைபடத்தில் பிலிகுண்டுலுவைத் தேடிப் பிடித்தார்கள்.

ஓய்வு பெற்றுவிட்டேன். என் இடத்துக்கு வந்தவரும் வரலாறு படித்தவர்தான், நல்ல ஆசிரியர். அவரிடம் குச்சியையும் அந்த வழிப்படத் தாள்களின் கட்டையும் கொடுத்திருக்கிறேன். புவியியல் படித்தவர்களைப் பள்ளிகளில் போதிய அளவு நியமிக்க வேண்டும் என்று அரசிடம் கேட்பேன், கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களே, புவியியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் ஊர் வரைபடம் கிடைக்கும். ஆறோ ஏரியோ வாய்க்காலோ நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருக்கும். தலைமையாசிரியர்கள் ஆண்டுக்குச் சில பிரிவேளைகள் பிள்ளைகளை வெளியே அனுப்பச் சம்மதியுங்கள். பள்ளிபாளையம், ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோட்டுப் பள்ளிகளுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். வரும் ஆகஸ்ட் 23ஆம் தேதியை ஒட்டி மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். நிழல் மறையும் நேரம் ஏறக்குறைய பன்னிரண்டு இருபது. மதிய உணவு மணியை அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிடம் தள்ளி அடியுங்கள்.